கன்னிமார் மூலையில் நாலு சால் தக்காளி

இப்படி வந்து உக்காரு கண்ணு. உன்ற பையை இப்படிக் குடு, மடியில வெச்சுக்கறேன். தாராபுரமா போறே? நானும் அங்கதான். பத்திர ஆபீசுக்குப் போறேன். இன்னைக்குக் காட்டை விக்கறேன்.

அதுக்கு எதுக்கு மொகத்தை அப்படி வெக்கறே? ஊருல எல்லாரும் விக்கறதுதான். வழியெல்லாம் பாத்துட்டுத்தான வர்றே, மனை பிரிச்சு மஞ்சக்கல்லு நட்டுக் கொடி கட்டி உட்டிருக்கறாங்களே, அத்தனையும் வெள்ளாமை போட்ட காடுதான். இனி என்ற காட்டுலயும் கொடி கட்டுவாங்க. கட்டிட்டுப் போறாங்க. எனக்கு அலுத்துப்போச்சு கண்ணு. நெசமாலுமே அலுத்துப்போச்சு. வெடியால எந்திரிச்சு இந்தச் சீலையைக் கட்டறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காந்து எந்திரிச்சேன்.

விக்கோணும்னு ஆசை எனக்கில்லை. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். ஆசையெல்லாம் என்ற மகனுக்கு. லோகநாதன்னு பேரு. திருப்பூருல பனியன் கம்பெனிக்குச் சரக்கு வண்டி ஓட்டறான். அடுத்தவன் வண்டியை எத்தனை நாளைக்கு ஓட்டறது, சொந்தமா ஒண்ணு வாங்கோணும்னு அவனுக்கு. அவங்கப்பன் போனதுக்கப்பறம் காடு என்ற பேருல கெடக்குது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் ஆவும். போட மாட்டேன்னு நின்னேன். எனக்குத் தொணையா நின்னவ ஆருன்னு நெனைக்கறே? என்ற மருமவ இந்துமதி.

பாத்தியா, மருமவன்னதும் சிரிக்கறே. இந்தக் கெழவி தாராபுரம் போறவரைக்கும் மருமவளைப் பத்திக் குறை சொல்லியே காதைப் புளிக்க வெக்கப் போறான்னு நெனைக்கறே. நான் குறை சொல்ற ஆளில்லை கண்ணு. இந்து நல்ல புள்ளை. மண்ணுல கையை வெக்க அருவருப்புப் படாது. வெயிலுன்னு பாக்காது. என்ன, சோறுதான் எறங்காது அதுக்கு. ரெண்டு இட்லி போதும்ங்கும், நான் நாலு வெப்பேன். "போதுங்க அத்தை"ன்னு தட்டு மேல கையை வெச்சு மறைச்சுக்கும். ஒருக்கா அந்தக் கை மேலயே இட்லியை வெச்சுச் சாம்பாரையும் ஊத்திப்போட்டேன். என்ற கை அப்படி. குடுக்கறதுல அளவு பாக்க வராது எனக்கு.

பண்ணையமும் அப்படித்தான் பாத்தேன். தக்காளிக்கு ஊருல ஒரு மூட்டை டிஏபி உரம் போட்டாங்கன்னா, நான் ரெண்டு போடுவேன். கோழிப் பண்ணையில இருந்து வருசா வருசம் எரு கொண்டாந்து கொட்டுவேன். பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டுப் பாப்பாங்க. மயிலாத்தா காட்டு மண்ணை அள்ளித் தின்னா பசியே எடுக்காதும்பாங்க. ஆமா, மயிலாத்தாதான் என்ற பேரு.

நீ எங்க வேலைக்குப் போறே? நாத்துப் பண்ணையிலயா? குழித்தட்டுல நாத்து உடறீங்களே, அதா? அட, அப்ப உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். வெவரம் தெரிஞ்சவகிட்டச் சொன்னாத்தான் எனக்கும் மனசு ஆறும். கேளு.

மொதல்ல எல்லாம் என்ற காட்டுத் தக்காளிச் செடிக்குள்ள ஆளு குனிஞ்சா வெளிய தெரியாது. அப்படி வளரும். கொஞ்ச வருசமாத்தான் என்னவோ ஆயிப்போச்சு. செடி ஏறவே மாட்டேங்குது. கணுவுக்குக் கணு நெருங்கி, குட்டையா உக்காந்துக்குது. எலை சின்னச் சின்னதாச் சுருங்கிப் போவுது. நரம்பு மட்டும் பச்சையா இருக்கும், நடுவுல எல்லாம் மஞ்சக்கட்டிக்கும். பூ எடுக்கும், எடுத்த பூவெல்லாம் கொட்டிப்போவும். காய்ச்ச காயும் கோலிக்குண்டு கணக்கா இருக்கும். மருந்துக் கடைக்காரன் சொன்ன மருந்தெல்லாம் அடிச்சேன். ஒண்ணுங் கேக்கலை. எனக்குப் பாத்தாத் தெரிஞ்சுபோச்சு, செடி பசியில கெடக்குதுன்னு. பசிச்ச வயித்துக்கு என்ன பண்ணுவோம்? இன்னொரு மூட்டை டிஏபி போட்டேன். அப்பவும் தேறலை. அடுத்த பட்டத்துக்கு அதுக்கும் மேல போட்டேன்.

இந்து வந்ததுக்கப்பறம், என்னையக் கேக்காமயே நாலு எடத்துல மண்ணைத் தோண்டிப் பையில போட்டு எடுத்துட்டுப் போச்சு. மண்ணைப் பரிசோதனை பண்ணிப் பாக்கறாங்களாமே. திரும்பி வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? "அத்தை, டிஏபியில இருக்கற மணிச்சத்து நம்ம காட்டுல தேவைக்கு மேல குமிஞ்சு கெடக்குது. துத்தநாகந்தான் பத்தலை"ன்னுச்சு.

எனக்கு ஆத்தமாட்டாத சிரிப்பு. துத்தநாகம்னா நமக்குத் தெரிஞ்சது தகடுதான. "ஏங்கண்ணு, பயிரு என்னைக்குத் தகரம் தின்னு வளந்துச்சு?"ன்னு கேட்டேன். அது கோவிச்சுக்கலை. பக்கத்துல உக்காந்து பொறுமையாச் சொல்லுச்சு. "துளியூண்டுதான் அத்தை வேணும். ஆனா அந்தத் துளி இல்லைன்னா எத்தனை மூட்டை கொட்டுனாலும் செடி ஏறாது. எலை பெருசாறதுக்கும் கணு நீள்றதுக்கும் அதுதான் வேணும். மணிச்சத்து மிஞ்சிப்போனா, அதுவே துத்தநாகத்தை வேருக்கு ஏற உடாமப் புடிச்சு வெச்சுக்கும். நாம டிஏபி போடப் போடச் செடி இன்னும் பட்டினி கெடக்கும்"ன்னுச்சு.

நீயே சொல்லு. சோத்தை அதிகமாப் போட்டா ஆராவது பட்டினி கெடப்பாங்களா? படிச்ச புள்ளை, ஆசையாச் சொல்லுது. கேட்டுக்கிட்டேன்.

ஏன்னா காடு நெலைக்கோணும்னு என்னாட்ட ஆசைப்பட்டவ அவ ஒருத்திதான். லோகுகிட்ட அவதான் பேசுனா. "கார்த்திகையில ஒரே ஒரு பட்டம் பாக்கலாங்க. தக்காளி தேறி வந்துட்டா காட்டை விக்கற பேச்சை எடுக்கப்படாது, நானே இருந்து பண்ணையம் பாத்துக்கறேன். தேறலைன்னா உங்க இஷ்டம்"ன்னா. லோகு என்னையப் பாத்தான். "தேறலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன்டா"ன்னேன். எல்லாம் அந்த ஒரு வெள்ளாமை மேல நின்னுபோச்சு கண்ணு. அந்தக் கார்த்திகை பூராவும் எனக்குத் தூக்கமே இல்லை.

நாத்து நட்டாச்சு. நல்ல நாத்து, உங்களாட்ட ஒரு பண்ணையில இருந்துதான் இந்து போய் வாங்கியாந்தா. அவ சொன்ன துத்தநாகமும், சிங்க் சல்பேட்டுங்கறாங்க, கடையில இருந்து வந்துச்சு. போடற நேரத்துல பாத்து இந்துவோட அப்பன் வெள்ளகோயில்ல வண்டியில இருந்து உழுந்துட்டாரு, காலுல ஆபரேசன். அவ போவோணும். போறப்பவும் மனசெல்லாம் இங்கதான். பஸ்சு ஏறற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. "அத்தை, சிங்கை மணலோட கலந்து, அதை மட்டும் தனியாப் போடுங்க. இந்தத் தடவை டிஏபி வேண்டவே வேண்டாம்"ன்னா. சரி கண்ணு, சரி கண்ணுன்னு பஸ்சு ஏத்தித் தாட்டி உட்டேன்.

ஊட்டுக்கு வந்து அந்த மூட்டையைப் பிரிச்சுப் பாத்தேன். வெள்ளையா, உப்பு. அவ்வளவுதான். காடு முழுசுக்கும் அந்தக் கொஞ்சூண்டு உப்பு! காடு இருக்குமா போவுமான்னு கெடக்கறப்ப, செடியை வெறும் உப்பைத் தின்னுட்டுக் கெடன்னு உடறதா? பெத்த மனசு கேக்குமா? நான் போய்ச் சத்தமில்லாம டிஏபி வாங்கியாந்தேன்.

இரு, முழுசாக் கேளு. நான் ஒண்ணும் அவ சொன்னதைத் தட்டலை. அந்த உப்பையும் போட்டேன். அண்டாவுல டிஏபியைக் கொட்டி, அதுலயே அந்த உப்பையும் கொட்டி, ஒட்டுக்காக் கலந்து, ரெண்டு ஆளுகளை உட்டு செடிக்குச் செடி வெச்சோம். தனியா அது ஒருக்கா, இது ஒருக்கான்னு போட்டா ஆளுக்கு வேலை ரெண்டாவுமில்ல? அதுமில்லாம வெறும் உப்பாப் போனாச் செடிக்குக் காந்தும். டிஏபியோட சேந்து போனா பக்குவமா ஏறும்னு ஒரு ரோசனை. சோத்தோட மருந்தைப் பெசஞ்சு குடுக்கறமில்ல, அந்த மாதிரி.

வெச்சுட்டே வந்தோம். தென்மேக்கு மூலையில எங்க காட்டுக் கன்னிமாரு இருக்குது. ஏழு கல்லு, ஒரு வேப்பமரம். அந்த மூலைக்கு வர்றப்ப டிஏபி தீந்துபோச்சு. இன்னும் நாலு சால், நாலு வரிசைச் செடி, பாக்கி நிக்குது. ஆளுக வேற, பொழுதாச்சுங்க ஆத்தான்னு நிக்கறாங்க. மூட்டை அடியில உப்பு மட்டும் கொஞ்சம் கெடந்துச்சு. எதுக்கு வீணாப் போவோணும்னு மணலோட அதைக் கலந்து அந்த நாலு சாலுக்கு வீசிட்டு வந்துட்டேன்.

இந்துவுக்குப் போன் பண்ணி, போட்டாச்சு கண்ணுன்னேன். டிஏபி சங்கதியைச் சொல்லலை. அப்பன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, எதுக்கு அதுக்கு ஒரு வெசனம்? ஒவ்வொண்ணையும் சொல்லித்தான் பாசமா இருக்கோணும்னு இருக்குதா?

அப்பறம் என்ன. நீ நெனைக்கறதுதான். செடி பழையபடி குட்டையா உக்காந்துக்குச்சு. பழையபடி எலை சுருங்கி மஞ்சக்கட்டுச்சு. இந்து திரும்பி வந்து நெதமும் சால் சாலா நடக்கும். எலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கும். ஞாயித்துக்கெழமையானா லோகு வந்து வரப்பு மேல நின்னு பாப்பான்.

ஆனா ஒரு அதிசயம் சொல்றேன் கேளு. அந்தக் கன்னிமாரு மூலையில நாலு சால் இருக்குதில்ல, அது மட்டும் என்ன வளத்திங்கறே! எலை ஒவ்வொண்ணும் கையகலம். கரும்பச்சை. கொம்பு நட்டுக் கட்ட வேண்டியதாப் போச்சு. கொத்துக் கொத்தாக் காய். எனக்குப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கன்னிமாரு, இந்தக் கெழவி மேல எரக்கப்பட்டு, நான் இருக்கறேன்டின்னு காட்டுதுன்னு நெனைச்சேன். அடுத்த வெள்ளிக்கெழமையே பொங்க வெச்சேன்.

அன்னைக்குத்தான் இந்து அந்தச் சாலுக்குள்ள ரொம்ப நேரம் நின்னுட்டு வந்து கேட்டா. "அத்தை, இந்த நாலு சாலுக்கு மட்டும் என்ன போட்டீங்க?"ன்னா.

எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. டிஏபி வாங்குனது தெரிஞ்சுபோச்சு போல, கடைக்காரன் சொல்லிப்போட்டான் போலன்னு. அப்பறம் ரோசனை பண்ணுனேன், அந்த மூலைக்கு நான் டிஏபி போடலையே! பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. தைரியமாச் சொன்னேன். "ஒண்ணுமே போடலை கண்ணு"ன்னேன். "ஒண்ணுமேவா அத்தை?"ன்னா. "கன்னிமாரு மேல சத்தியமா ஒண்ணுமே போடலை"ன்னேன்.

என்ன? அந்த உப்பா? அட, அதெல்லாம் ஒரு போடறதா கண்ணு. மூட்டை அடியில கெடந்ததை வீசுனேன், அவ்வளவுதான். அதைப் போயி ஆராவது கணக்குல சேப்பாங்களா?

இந்து அப்படியே வரப்பு மேல உக்காந்துருச்சு. "அப்ப நான்தான் கெடுத்துட்டேன் அத்தை. சிங்கு போட்ட எடமெல்லாம் போயிப்போச்சு. ஒண்ணும் போடாத எடம் இப்படி நிக்குது. நான்தான் நம்ம காட்டைக் கெடுத்துட்டேன்"னு தேம்பித் தேம்பி அழுவுது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு வார்த்தை குத்தமாச் சொல்லலை. "போனாப் போவுது கண்ணு, எளசு, உனக்கு என்ன தெரியும். ஆசையாத்தான பண்ணுனே"ன்னு தலையைத் தடவிக் குடுத்தேன். எந்த மாமியாக்காரி இப்படிச் சொல்லுவா சொல்லு. காடே போவுது, அப்பவும் நான் ஒரு சொல்லு சொல்லலை. லோகுகிட்டயும் அவளே போய்ச் சொல்லிட்டா, நீங்க சொன்னதுதான் சரி, எனக்கு இதெல்லாம் தெரியலைன்னு. அவனுக்குச் செயிச்ச சந்தோசங்கூட இல்லை. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

இப்ப ரெண்டு பேரும் திருப்பூருல இருக்கறாங்க. அவளும் கம்பெனியிலதான், செக்கிங்குல. நாள் முழுக்க நின்னுட்டே துணியில ஓட்டை இருக்குதான்னு பாக்கோணுமாம். அந்தப் புள்ளை செடிக்குள்ள எப்படி நடக்கும்னு நீ பாத்திருக்கோணும். கொழுந்து மேல சீலை படாம நடக்கும். அது போயித் துணி பாத்துட்டு நிக்குது. எனக்கு அவ இல்லாம ஊட்டுல இருக்கவே புடிக்கலை கண்ணு. மகன் இல்லாமக்கூட இருந்துட்டேன், அவ இல்லாம முடியலை. வெளிய சொன்னாச் சிரிப்பாங்க. மாவாட்டறதையே உட்டுப்போட்டேன். கடையில ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கறேன்.

என்ன, என்ன கேக்கறே? பஸ்சு சத்தத்துல காதுல உழுவுதில்லை, பக்கத்துல வந்து சொல்லு. சிங்கையும் டிஏபியையும் ஒட்டுக்காக் கலக்கப்படாதா? கலந்தா? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்குமா? கல்லாட்டம் ஆயி, செடிக்குக் கெடைக்காதா?

நீயும் இந்துவாட்டமே பேசறயே! கேட்டுச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலை. அண்டாவுல நான்தான கலந்தேன், கல்லெல்லாம் ஒண்ணும் ஆகலையே. உதிரியாத்தான் இருந்துச்சு. மண்ணுக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. சோறும் கொழம்பும் தனித்தனியாத் தின்னாலும் வயித்துக்குள்ள ஒண்ணாத்தான போவுது. அந்த நாலு சாலா? அதுக்குத்தான் சொன்னேனே, அது கன்னிமாரு மூலை. அங்க எதையும் போட வேண்டியதில்லை. தானா வரும்.

இரு, போன் அடிக்குது. இந்த எழவை எப்படி எடுக்கறது... பச்சையைத் தள்ளோணுமா? தள்ளு.

ஆரு, இந்துவா? சொல்லு சாமி. பஸ்சுலதான் வந்துட்டிருக்கறேன், பக்கம் வந்துருச்சு. நீ காலையில சாப்புட்டயா? ரெண்டு இட்லியா? சரி, சரி. என்ன? ஏன் மெதுவாப் பேசறே? லோகு எங்க? ...ஆமா. ...ஆமா. ...அதெல்லாம் வேண்டாம் சாமி. வேண்டாம். நீ சொன்னதையெல்லாம் செஞ்சுதான பாத்தோம். அப்பறமும் என்ன இருக்குது. ...ஒண்ணுமே போடலை கண்ணு, அன்னைக்கே சத்தியம் பண்ணிச் சொன்னனே. ...வேண்டாம். நீ அழுவாத. வெச்சர்றேன்.

கேட்டுட்டுத்தான இருந்தே. ஆபீசு வாசல்ல ரெண்டு பேரும் நிக்கறாங்களாம். அவன் பத்திரம் எழுதறவன்கிட்டப் பேசிட்டிருக்கறப்ப இவ தள்ளி வந்து எனக்குப் போடறா. "அத்தை, உங்களுக்கு மனசில்லைன்னா இப்பவும் ஒண்ணும் ஆகலை. நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வேலையை உட்டுப்போட்டு வந்தர்றேன், இன்னும் ஒரு பட்டம் பாக்கலாம்"ங்கறா. அந்த மூலை மட்டும் எப்படி வந்துச்சுன்னு இன்னும் அவ மனசுல ஓடிட்டே கெடக்குதாம். ராத்திரியெல்லாம் அதையே ரோசனை பண்ணுதாம் அந்தப் புள்ளை.

நான் வேண்டான்னுட்டேன். ஆசை இல்லாமயா? வான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். மறுக்காவும் அது வந்து, மறுக்காவும் செடி மஞ்சக்கட்டி, மறுக்காவும் நான்தான் கெடுத்துட்டேன்னு அந்தப் புள்ளை வரப்புல உக்காந்து அழுவறதைப் பாக்க என்னால முடியாது கண்ணு. காடு போனாப் போவுது. அது அழுவப்படாது.

தாராபுரம் வந்துருச்சு பாரு. இந்தா உன்ற பை. எதுக்குப் போனைக் கேக்கறே? அவகிட்டப் பேசோணுமா? நீ என்னத்தைப் பேசுவே, அவ ஆரு நீ ஆரு. ஏங்கண்ணு, கண்ணெல்லாம் கலங்கிப்போச்சே உனக்கு. ஆரு பெத்த புள்ளையோ, முன்னப் பின்னத் தெரியாத கெழவிக்காக இப்படி உருகறயே. நல்லா இருப்பே போ.

கையை உடு கண்ணு. பஸ்சை எடுத்துருவான். கையை உடு, அங்க என்ற புள்ளை வெயில்ல நின்னுட்டிருக்கும்.